கதவைத் தட்டிப் பார்த்து கார் வாங்காதீங்க

கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க. இன்னைக்கு டெங்கு, சுகர், பிரஷர் எதுவும் இல்லை. கார் பத்தி.

"டாக்டருக்கு கார் பத்தி என்ன தெரியும்?" நியாயமான கேள்வி. இன்ஜின், டார்க், கியர்பாக்ஸ் பத்தி நான் பேசினா மெக்கானிக் சிரிப்பார். ஆனா காரில் இருந்து இறக்கி ஸ்ட்ரெச்சரில் ஏத்திக் கொண்டு வர்றவங்களைப் பத்தி கொஞ்சம் தெரியும். விருத்தாசலம் பக்கத்துல அரசு மருத்துவமனையில நைட் டியூட்டி பார்க்கிறவன் நான். அந்தத் தகுதியிலதான் எழுதறேன்.

விஷயம் இதுதான். எங்க சித்தப்பா சுரங்கத்துல வேலை பார்த்து ரிடையர் ஆனவர். வீடு கம்மாபுரம். வாழ்நாள் முழுக்க பைக்கும் டவுன் பஸ்ஸும்தான். இப்ப கையில செட்டில்மெண்ட் பணம் இருக்கு. கார் வாங்கணும். ஆசைக்கு மட்டும் இல்ல, தேவையும் இருக்கு. சித்திக்கு ரெண்டு முட்டியும் தேய்மானம். அதுபோக மூணு வாரத்துக்கு ஒருமுறை ஜிப்மருக்கு கூட்டிட்டுப் போகணும். மூணு வயசுல ஒரு பேரன்.

புதுச்சேரியில ஒரு புரோக்கர் 2013 மாடல் ஸ்கோடா சூப்பர்ப் டீசல் காட்டியிருக்கார். கறுப்பு கலர், லெதர் சீட்டு, பின்னாடி கால் நீட்டி உட்காரலாம். புதுசா வாங்கினவர் இருபது லட்சத்துக்கு மேல கொடுத்த வண்டி, இப்ப ஆறு லட்சத்துக்குள்ள. சென்னையில இருக்கற அவர் பையனோ, "அப்பா, பேசாம காம்பாக்ட் எஸ்யூவி எடுங்க"ன்னு ஒத்தக்கால்ல நிக்கறான். வீட்டுல ரெண்டு கட்சி. தீர்ப்பு சொல்ல என்னைக் கூப்பிட்டாங்க.

சித்தப்பா என்கிட்ட வெச்ச வாதம் ஒண்ணே ஒண்ணுதான். "தம்பி, அந்த வண்டிக் கதவைச் சாத்தினா 'தொம்'முனு ஒரு சத்தம் வருது பாரு. வெயிட்டு! இப்ப வர்ற வண்டி எல்லாம் தகர டப்பா. தட்டினா 'டங்கு'ங்குது. சின்ன இடிக்கே அப்பளமா நொறுங்கிடும்."

நாங்களும் நோயாளி நெஞ்சைத் தட்டித்தான் பார்க்கிறோம். தட்டினா உள்ள காத்து இருக்கா, நீர் இருக்கான்னு தெரியும். அதை வெச்சு அந்த ஆளு எத்தனை வருஷம் இருப்பாருன்னு சொல்ல முடியாது. கார் கதவும் அப்படித்தான்.

ஆனா "வெயிட்டான வண்டி பாதுகாப்பு"ங்கறது வெறும் மூடநம்பிக்கைன்னு ஒதுக்கவும் முடியாது. ஒரே காலத்துல, ஒரே தரத்துல செஞ்ச ரெண்டு வண்டி மோதினா, கனமான வண்டிக்குள்ள இருக்கறவருக்கு அடி குறைவுதான். அது இயற்பியல். சித்தப்பா காட்டின வண்டியும் சாதாரண வண்டி இல்ல. அந்த மாடல் 2009லயே ஐரோப்பாவின் யூரோ என்கேப் சோதனையில 5 ஸ்டார் வாங்கினது. அப்போ நம்ம ஊர்ல என்ன நிலைமை? 2014ல குளோபல் என்கேப் முதல்முறையா இந்தியக் கார்களை இடிச்சுப் பார்த்தப்போ, ஆல்டோ, நானோ, ஐ10 எல்லாத்துக்கும் பூஜ்ய ஸ்டார். சோதிச்ச வண்டிகளில் ஏர்பேக்கே இல்ல. அந்தக் காலத்து லக்ஸுரி செடான் அந்தக் காலத்துச் சின்ன வண்டியை விட மேல்தான், சந்தேகமே இல்ல.

ஆனா அதோட போட்டி போடுறது 2013 ஆல்டோ இல்லையே. நேத்து வந்த வண்டி.

சித்தப்பாகிட்ட இதை விளக்க ரொம்ப யோசிக்கல. விருத்தாசலத்துக்காரங்களுக்கு பீங்கான் வெச்சு சொன்னா புரியும். இங்கே பீங்கான் பொம்மை, கப் எல்லாம் லாரியில போகுதே, எப்படி போகுது? வைக்கோல் சுத்தி அட்டைப் பெட்டியில போகுது. அதே கப்பை வெறுமனே ஒரு கனமான இரும்புப் பெட்டிக்குள்ள போட்டு உருட்டுங்க. பெட்டிக்கு ஒரு கீறல் கூட விழாது. உள்ள கப் தூள். வண்டி நொறுங்குறதைப் பார்த்து "தகரம்"னு சொல்றோம். முன்பக்கம் நசுங்கறதுதான் வைக்கோல். இடியோட சக்தியை அது தின்னுக்கிட்டு, நாம உட்கார்ற கூண்டை மட்டும் நசுங்காம விடணும். நல்ல வண்டின்னா அதுதான்.

2009ல அமெரிக்காவில் ஐஐஎச்எஸ்ங்கற சாலைப் பாதுகாப்பு நிறுவனம் தன்னோட 50வது ஆண்டுக்கு ஒரு வேலை பண்ணாங்க. 1959 செவர்லே பெல் ஏர். நம்ம தாத்தா காலத்து சினிமாவில் வருமே, கப்பல் மாதிரி, அது. அதையும் 2009 செவர்லே மாலிபுவையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்துல பாதி முகத்தோட பாதி முகம் மோத விட்டாங்க. எல்லாரும் பழைய இரும்புதான் ஜெயிக்கும்னு நினைப்போம். பெல் ஏரில் ஸ்டியரிங்கும் டேஷ்போர்டும் டிரைவர் பொம்மை மேலேயே வந்து உட்கார்ந்தது. நிஜ மனுஷனா இருந்தா அங்கேயே முடிஞ்சிருக்கும். மாலிபு டிரைவருக்கு காலில் சின்ன அடியோட போயிருக்கும்.

"அது அம்பது வருஷ வித்தியாசம்டா"ன்னார் சித்தப்பா. சரிதான். அதுக்கும் பதில் இருக்கு. 2017ல ஆஸ்திரேலியாவின் ஆன்கேப் 1998 டொயோட்டா கரோலாவையும் 2015 கரோலாவையும் அதே 64 கிலோமீட்டர் வேகத்துல மோத விட்டது. ஒரே பேர், ஒரே கம்பெனி, 17 வருஷ இடைவெளி. 16க்கு புதுசு எடுத்தது 12.93. பழசு எடுத்தது 0.40. பாசும் இல்ல, ஃபெயிலும் இல்ல, வேற லெவல்.

சூப்பர்ப் அவ்வளவு பழசு இல்லன்னு நானே ஒத்துக்கறேன். தயாரிச்ச நாள்ல அது அருமையான வண்டி. என் கவலை அது 2013ல எப்படி இருந்துச்சுங்கறது இல்ல. இன்னைக்கு எப்படி இருக்குங்கறது.

அறுபது வயசு மனுஷன், வாலிபத்துல கபடி சாம்பியன். அதுக்காக இன்னைக்கு ஈசிஜி எடுக்காம விட்டுடுவோமா?

பழைய லக்ஸுரி காரில் எது எது வயசாகும்னு தெரிஞ்சுக்கங்க. முதல்ல டயர். பள்ளம் ஆழமா இருக்கும், பார்க்க புதுசு மாதிரி இருக்கும், ஏன்னா வண்டி அதிகம் ஓடியிருக்காது. டயர் பக்கவாட்டுல நாலு இலக்க எண் ஒண்ணு முட்டை வடிவக் கட்டத்துக்குள்ள இருக்கும். 2316ன்னா 2016ஆம் வருஷம் 23வது வாரம். நம்ம சித்திரை வெயில்ல பத்து வருஷ ரப்பர் ஹைவேயில என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை. அடுத்து பிரேக் ஆயில். அது காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும், ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்தணும். போன ஓனர் மாத்தினாரான்னு புரோக்கருக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் ஏர்பேக். டகாட்டாங்கற ஜப்பான் கம்பெனி கதையைக் கேள்விப்பட்டிருப்பீங்க. உலகம் முழுக்க கோடிக்கணக்கான கார்களைத் திரும்ப வாங்கிச் சரிபண்ண வேண்டி வந்து, 2017ல திவாலாச்சு. ஏர்பேக்கை ஊத வைக்கற அம்மோனியம் நைட்ரேட் வருஷக்கணக்கா வெப்பமும் ஈரமும் பட்டு கெட்டுப்போகுது. அப்புறம் அது வெடிக்கும்போது உலோகக் கூடு உடைஞ்சு சில்லு சில்லா முகத்துலயும் கழுத்துலயும் பாயுது. காப்பாத்த வந்த பலூன் கத்தியால குத்தின மாதிரி காயம் பண்ணுது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்லதான் ஆபத்து அதிகம்னு கண்டுபிடிச்சாங்க. கடலூர் மாவட்டத்துல அது ரெண்டுக்கும் பஞ்சமா? இந்தியாவுலயும் அக்கார்ட், சிவிக், சிட்டி உள்பட பல மாடல்களுக்கு ரீகால் வந்தது. பழைய செடான் எதை வாங்கினாலும் சேசிஸ் நம்பரை வெச்சு ரீகால் பாக்கி இருக்கான்னு கம்பெனி வெப்சைட்டுல பாருங்க. காசு கிடையாது, ரெண்டு நிமிஷ வேலை.

இன்னொண்ணு. சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிஞ்சு அணையணும். அணையாம எரிஞ்சா கோளாறு. எரியவே இல்லன்னா அதை விட மோசம், யாரோ விளக்கைப் பிடுங்கியிருக்காங்க.

டெல்லி நம்பர் வண்டி சல்லிசா வருதுன்னு சொல்வாங்க. அங்கே 10 வருஷம் தாண்டின டீசல் வண்டிக்கு கோர்ட் உத்தரவால பல வருஷமாவே சிக்கல். அதான் தெற்கே தள்ளி விடறாங்க. என்ஓசி, தமிழ்நாட்டு வரி எல்லாம் கட்டி முடிக்கறப்போ சல்லிசு காணாமப் போயிருக்கும். 2015 சென்னை வெள்ளத்துல முங்கின வண்டிகளும் இன்னும் எங்கேயோ ஓடிட்டுத்தான் இருக்கும். சீட்டு கம்பி வேர்ல துரு இருக்கான்னு குனிஞ்சு பாருங்க.

காசு கணக்கு சுருக்கமா. இருபது லட்சம் வண்டியை ஆறு லட்சத்துக்கு வாங்கலாம். ஆனா அதோட ஸ்பேர் பார்ட்ஸ் விலை இன்னும் இருபது லட்சம் வண்டிக்கான விலைதான். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போச்சுன்னா லட்சத்துல பேசுவாங்க. அப்போ பென்ஷன்காரர் என்ன பண்ணுவார்? சர்வீஸைத் தள்ளிப் போடுவார். சித்தப்பா மேல எனக்கு இருக்கற பயமே அதுதான். ஸ்டென்ட் வெச்சுட்டு மாத்திரையை நிறுத்தற நோயாளிங்க மாதிரி. பராமரிக்க முடியாத நல்ல வண்டி நல்ல வண்டியே இல்ல.

இப்ப எஸ்யூவி கட்சிக்கும் ரெண்டு வார்த்தை. தம்பி பையா, நீயும் ரொம்ப ஆடாத.

எஸ்யூவிங்கற மூணு எழுத்து பாதுகாப்பு முத்திரை கிடையாது. 2016ல ஏர்பேக் இல்லாத ஸ்கார்பியோவும், 2017ல ஏர்பேக் இல்லாத டஸ்டரும் குளோபல் என்கேப்புல வாங்கினது பூஜ்யம். ஆம்பளைத்தனமான முகம், உயரமான உருவம், உள்ள ஒண்ணுமில்ல. இந்தியாவுல தயாரான கார் முதல்முறையா 5 ஸ்டார் வாங்கினது 2018 டிசம்பர்ல, டாடா நெக்ஸான். 2020 ஆரம்பத்துல மஹிந்திரா எக்ஸ்யூவி300. 2023 அக்டோபர்லேர்ந்து நம்ம நாட்டுக்கே பாரத் என்கேப் வந்துடுச்சு. அதனால மாடல் பேரைப் போட்டு ஸ்டாரைத் தேடுங்க, உருவத்தைப் பார்க்காதீங்க. 2009 ஸ்டாரும் 2024 ஸ்டாரும் ஒண்ணு இல்ல, பரீட்சையே மாறிடுச்சு.

காம்பாக்ட்டுனா ஏன் நாலு மீட்டருக்குள்ள இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? அது இன்ஜினியர் போட்ட கோடு இல்ல, வரி போட்ட கோடு. 2006 பட்ஜெட்ல சின்ன காருக்கு வரி குறைச்சாங்க, நாலு மீட்டருக்குள்ளன்னு அளவு வெச்சாங்க. 2025 செப்டம்பர்ல ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆனப்போவும் அதே அளவுதான். அதனால டிக்கி சின்னது, பின் சீட்டுல மூணு பெரியவங்க உட்கார்ந்தா இடிக்கும். உயரம் அதிகம்கறதால வேகமா வளைச்சா கவிழற வாய்ப்பும் செடானை விட அதிகம். ஈஎஸ்சி இருக்கற வேரியண்ட்டா பார்த்து எடுக்கணும். சன்ரூஃப் இருக்கற வேரியண்ட்டைத் தேடறவங்கதான் ஜாஸ்தி.

ஆனா எங்க சித்திக்கு எது நல்லதுன்னா, சந்தேகமே இல்லாம உயரமான வண்டி. இது டாக்டரா சொல்றேன். செடான் சீட்டு தாழ்வு. முட்டி தேய்ஞ்சவங்க அதுல உட்கார்றது விழற மாதிரி, எழுந்திருக்கறது கிணத்துலேர்ந்து ஏறி வர்ற மாதிரி. முட்டியை எவ்வளவு மடக்கறோமோ அவ்வளவு அழுத்தம். இடுப்பு உயரத்துல சீட்டு இருந்தா பக்கவாட்டுல உட்கார்ந்து காலைத் திருப்பிக்கிட்டா போதும். நாலு பேர் வீட்டுல அப்பா அம்மாவுக்கு முட்டி வலின்னா, கார் வாங்கப் போகும்போது அவங்களையும் கூட்டிட்டுப் போங்க. மைலேஜ் கேக்கறதுக்கு முன்னாடி அவங்களை ஏறி இறங்கச் சொல்லுங்க.

சாலையும் நம்ம சாலைதான். விருத்தாசலம், கம்மாபுரம், சேத்தியாத்தோப்பு. ஐப்பசி கார்த்திகையில தண்ணி நிக்கும், தாழ்வான வண்டி இன்ஜினுக்குள்ள தண்ணி இழுத்துக்கும். கரும்பு சீசன்ல டிராக்டர் டிரெய்லர் பின்னாடி லைட்டும் இல்லாம ரிஃப்ளெக்டரும் இல்லாம இருட்டுல நிக்கும். அதுக்குள்ள 90ல போய் சொருகினா சூப்பர்ப்பும் ஒண்ணுதான், நெக்ஸானும் ஒண்ணுதான். எந்த ஸ்டாரும் அதுக்கு இல்ல. ஜிப்மர் அப்பாயின்ட்மென்ட்டுக்கு விடியக்காலம் மூணு மணிக்குக் கிளம்பாதீங்க, வெளிச்சம் வந்து கிளம்புங்கன்னு சித்தப்பாகிட்ட சொல்லியிருக்கேன்.

இப்ப நான் நிஜமா சொல்ல வந்த இடத்துக்கு வர்றேன்.

2014 ஜூன் 3ஆம் தேதி டெல்லியில மத்திய அமைச்சர் கோபிநாத் முண்டே இறந்தார். அவர் போனது மாருதி எஸ்எக்ஸ்4 செடான். மோதினது அதை விடச் சின்ன வண்டி, இண்டிகா. பின் சீட்டுல இருந்தார். மோதினதும் தண்ணி கேட்டார், ஆஸ்பத்திரி போகச் சொன்னார். கொஞ்ச நேரத்துல போயிட்டார். உள்ளே கல்லீரல் கிழிஞ்சு ரத்தம் போயிருந்தது. பின் சீட் பெல்ட் போட்டிருந்தா பிழைச்சிருப்பார்னு அப்போதைய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தனே சொன்னார், அவரும் டாக்டர்.

2022 செப்டம்பர் 4. சைரஸ் மிஸ்திரி. மெர்சிடிஸ் ஜிஎல்சி. காசு கொடுத்து வாங்கக்கூடிய பாதுகாப்பு எல்லாம் இருந்த வண்டி. முன் சீட்டுல இருந்த ரெண்டு பேரும் பலத்த காயத்தோட பிழைச்சாங்க. பின் சீட்டுல பெல்ட் போடாத ரெண்டு பேரும் இறந்தாங்க.

ஒரு விபத்துல மூணு மோதல் நடக்குது. வண்டி எதுலயோ மோதுது. உடம்பு வண்டிக்குள்ள மோதுது. கல்லீரலும் மண்ணீரலும் மூளையும் உடம்புக்குள்ள மோதுது. முதல் மோதலைத்தான் நல்ல வண்டி பார்த்துக்கும். ரெண்டாவதை பெல்ட்தான் தடுக்கணும். மூணாவது நடந்துட்டா எங்ககிட்ட வர்றீங்க, வெளியில ஒரு கீறல் கூட இல்லாம. 2022ல மட்டும் நம்ம நாட்டுல சீட் பெல்ட் போடாம இறந்ததா அரசு கணக்கு சொல்றது 16,715 பேர். அதுல 8,331 பேர் டிரைவர் இல்ல, கூட உட்கார்ந்து போனவங்க. பின் சீட்டு பெல்ட்டும் சட்டப்படி கட்டாயம்தான், போடலன்னா 1000 ரூபாய் அபராதம். யார் போடறா?

போன வருஷம் ஒரு ராத்திரி. நல்ல வண்டிதான், ஏர்பேக் எல்லாம் வெடிச்சிருந்தது. ஓட்டினவர் நடந்து வந்தார். முன் சீட்டுல அம்மா மடியில இருந்த குழந்தையைத்தான் தூக்கிட்டு வந்தாங்க. அதுக்கு மேல அதைப் பத்தி எழுத முடியல. கணக்கு மட்டும் சொல்றேன். 50 கிலோமீட்டர் வேகத்துல மோதினா, 10 கிலோ குழந்தை அந்த நொடியில கால் டன்னுக்கு மேல கனக்கும். எந்த அம்மா கையும் பிடிக்காது. குழந்தைக்கு பின் சீட்டுல, சைல்டு சீட்டு. பெல்ட்டை வயித்து மேல போடாம இடுப்பெலும்பு மேல படற மாதிரி போடணும். கர்ப்பிணிகளும் போடணும், வயித்துக்குக் கீழ.

சித்தப்பாகிட்ட இவ்வளவும் சொன்னேன். என் தீர்ப்பு: சூப்பர்ப்பும் வேண்டாம், கடன் வாங்கி ஷோரூம் வண்டியும் வேண்டாம். மூணு நாலு வருஷம் ஓடின, 5 ஸ்டார் வாங்கின காம்பாக்ட் எஸ்யூவி, சர்வீஸ் ரெக்கார்டோட எடுங்க. மிச்சம் இருக்கற காசுல முதல் வேலையா நாலு டயர், ஒரு சைல்டு சீட்டு. ஹைவேயில சூப்பர்ப் சொகுசு இதுல வராது, அதை மறைக்கல. பின் சீட்டுல கால் நீட்டிக்கிட்டுப் போற ஆசை போச்சுன்னு அவருக்கு வருத்தம்தான். முப்பது வருஷம் ஷிஃப்ட் பார்த்த மனுஷனோட ஆசை, எனக்கும் சங்கடமாத்தான் இருந்தது.

போன ஞாயித்துக்கிழமை கடலூர்ல ஒரு 2021 வண்டியைப் பார்க்கப் போனோம். சித்தப்பா முதல் வேலையா கதவைத் தட்டினார். "டங்"னுது. என்னைப் பார்த்தார். நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன். சித்தி யார் கையையும் பிடிக்காம பின் சீட்டுல ஏறி உட்கார்ந்தாங்க. "நல்லாதான்டா இருக்கு"ன்னு சொல்லிட்டு, நான் சொல்லிக் கொடுத்தபடி பெல்ட்டை இழுத்தாங்க. மாட்டற கொக்கியைக் காணோம். தேடினா, புதுசா போட்ட ரெக்ஸின் சீட் கவருக்கு அடியில மூணு கொக்கியும் பத்திரமா புதைஞ்சு கிடக்கு. கடைக்காரர், "சார், பின்னாடி யாரு போடறாங்க"ன்னார்.

பிளேடு கேட்டேன். கவரைக் கிழிக்கக் கூடாதுன்னு அவர் சொல்ல, சித்தப்பாதான் முன்னால வந்தார். "கவரே வேணாம்பா. மொத்தத்தையும் கழட்டு."